அயர்லாந்துக் கிளர்ச்சிகள், 1541–1641: காரணங்களை எழுதும் முறை

‘1541 முதல் 1641 வரை அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சிகள் எழுந்தது ஏன்?’ என்ற கேள்வியைப் பார்த்ததும் பலர் ‘கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதல்’ என்று தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கினால் பாதிக் காரணங்கள் விடுபட்டுப்போகும். நிலத்தில் தொடங்குங்கள்.

முதலில் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: கேலிக் தலைவர்கள் (அயர்லாந்தின் பூர்வகுடித் தலைவர்கள்), இடைக்காலத்தில் குடியேறியவர்களின் வழிவந்து கத்தோலிக்கர்களாகவே நீடித்த பழைய ஆங்கிலேயர், பதவியும் நிலமும் தேடி வந்த புதிய ஆங்கிலேயர். யார், எப்போது, எதை இழந்தார் என்று குறியுங்கள்.

அடுத்து வாரிசுச் சிக்கல். 1541-இல் எட்டாம் ஹென்றி அயர்லாந்தின் மன்னரானார். தலைவர்கள் நிலத்தை அவரிடம் ஒப்படைத்துப் பட்டயத்தோடு திரும்பப் பெற்றார்கள். கேலிக் வழக்கில் அடுத்த தலைவரைக் குலத்தார் தேர்ந்தெடுப்பார்கள். பட்டயத்திலோ வாரிசின் பெயரே இருக்கும். வடக்கு மாகாணமான அல்ஸ்டரிலுள்ள டைரோனை உதாரணம் காட்டுங்கள். 1542-இல் ஏர்ல் என்ற ஆங்கிலப் பிரபுப் பட்டம் பெற்ற கான் ஓ’நீல், மேத்யூவை வாரிசாக்கினார். இன்னொரு மகன் ஷேன் அதை ஏற்கவில்லை. 1558-இல் மேத்யூ கொல்லப்பட்டார். 1567-இல் ஷேன் சாகும்வரை அல்ஸ்டர் அடங்கவில்லை.

பறித்த நிலத்தில் வெளியாட்களைக் குடியமர்த்திய குடியேற்றத் திட்டங்களில் லீஷ்–ஆஃபலி, மன்ஸ்டர் இரண்டையும் ஒரு வரியில் முடித்து, அல்ஸ்டரை விரித்து எழுதுங்கள். 1607-இல் அல்ஸ்டரின் கேலிக் ஏர்ல்கள் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறியதும் ஆறு கவுண்டிகளில் நிலம் பறிமுதலாகி, 1,000, 1,500, 2,000 ஏக்கர் பங்குகளாகப் பிரிந்தது. பங்கு வாங்கிய பிரிட்டிஷார் 1,000 ஏக்கருக்கு 24 ஆண்களை இங்கிலாந்து அல்லது ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஐரிஷ் குடியானவர்களை வைத்திருக்கக் கூடாது. போதிய ஆள் வரவில்லை. அதனால் பழைய குடிகளையே கூடுதல் குத்தகைக்கு இருக்கவிட்டார்கள். முன்னோர் உழுத மண்ணிலேயே, நாளை விரட்டப்படலாம் என்ற பயத்தோடு குத்தகை கட்டினார்கள். 1641 கிளர்ச்சியில் வெடித்த கோபத்துக்கு இது முக்கியமான வேர். இதற்கே அதிக இடம் கொடுங்கள்.

பழைய ஆங்கிலேயரை மறந்துவிடாதீர்கள். 1628-இல் 1,20,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டு அரசரிடம் சலுகைகள் கேட்டார்கள். 60 ஆண்டு அனுபோகம் இருந்தால் பட்டாவில் கைவைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. 1634-இல் அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்த வென்ட்வொர்த் அதைச் சட்டமாக்க மறுத்தார்.

இப்போது மதத்தைக் கொண்டுவாருங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போகாதவருக்கு 12 பென்ஸ் அபராதம், பதவிக்கு மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்கும் சத்தியப்பிரமாணம்: இவை கேலிக் தலைவர்கள், பழைய ஆங்கிலேயர் என்ற இரு தரப்பையும் ஒருசேர நெருக்கின. 1641 டிசம்பரில் இருவரும் கைகோத்ததை இதோடு சேர்த்து விளக்குங்கள்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலுள்ள, 1641 கிளர்ச்சி பற்றிய வாக்குமூலங்களை மேற்கோள் காட்டினால், அவற்றில் பெரும்பாலானவை பாதிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட்டுகள் சொன்னவை என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள்.