காட்டு ஜீப் பயணம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய நேரக் கணக்கு

காட்டுக்குள் ஒரு நாள் ஜீப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்பதை விட்டு, வண்டி எத்தனை மணிக்குக் காட்டுக்குள் நுழையும், உள்ளே எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டு, விடியலை ஒட்டி நுழையும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விளம்பரத்தில் காணும் மணிக்கணக்கில் விடுதியிலிருந்து அழைத்துச் செல்லும் நேரமும் மதிய உணவும் சேர்ந்திருக்கலாம். மானும் யானையும் சிறுத்தையும் பெரும்பாலும் காலையிலும் அந்தியிலும் நடமாடி, உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கிவிடுவதால், தாமதமாக நுழைபவர்களுக்கு மேடுபள்ளமும் புழுதியுமே மிஞ்சும். கரடுமுரடான பாதையில் உறுமிக்கொண்டு ஏறும் வண்டியின் சத்தமே விலங்குகளை விலக்கிவிடும் என்பதால், இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். விலங்கைக் காட்டுவது உறுதி என்று யாராவது சத்தியம் செய்தால், அது இரை வைத்துப் பழக்கியதா, அடைத்து வைத்ததா என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

வறண்ட பருவத்தில் சுருங்கிய நீர்நிலைகளைத் தேடி விலங்குகள் பகலிலும் வரும் காடுகளுக்கும், வெயில் காயும் முதலைகளைக் காணச் செல்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது; சேற்றில் வண்டி ஓட்டுவது மட்டுமே ஆசையென்றால் எந்த நேரமும் சரிதான்.