சம்பவ இட சிமுலேட்டரைப் புதையல் வேட்டை ஆக்கிவிடாதீர்கள்

பயிற்சிக் காவலர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மெய்நிகர் அறைக்குள் போகிறார். கத்தியின் பக்கத்தில் போனதும் அது மஞ்சளாக மின்னுகிறது, தொட்டால் பத்து மதிப்பெண். குற்றம் நடந்த இடத்தில் தடயம் தேடப் பழக்கும் இந்த மாதிரி சிமுலேட்டர் செய்கிறவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். மின்னுவதைப் பொறுக்கிப் பழகியவர், எதுவுமே மின்னாத நிஜ வீட்டில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்.

மதிப்பெண், தேடிய முறைக்குத்தான் தர வேண்டும். நெடுக்கே போனவர் குறுக்கேயும் ஒருமுறை போனாரா? எந்த மூலையைப் பார்க்கவே இல்லை? பயிற்சி முடிந்ததும் வரைபடத்தில் காட்டுங்கள். தடயமே இல்லாத அறை ஒன்றையும் வையுங்கள். "முழுக்கப் பார்த்தேன், இங்கே ஒன்றுமில்லை" என்று துணிந்து எழுதவும் பழக வேண்டும்.

அடுத்தது, வெறிச்சோடிய அறை. வேலை மிச்சம் என்று ஆறு பொருள் வைத்து, அதில் நான்கைத் தடயமாக்கிவிடுகிறார்கள். 1940-களில் அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ, மரணம் நடந்த அறைகளை ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் குட்டி வீடுகளாகச் செய்து போலீஸாருக்குப் பயிற்சி தந்தார். அவற்றில் வீட்டுச் சாமான்கள் நிறைந்திருக்கும். கணினி வரைகலை இல்லாத காலத்திலேயே அந்த உழைப்பு! எது தடயம், எது சும்மா கிடக்கும் பொருள் என்று பிரித்தறியத்தானே பயிற்சியே.

பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. தலைசுற்றல் வராமலிருக்க, சுட்டிய இடத்துக்குத் தாவிப்போகும் வசதியை வைப்பார்கள். விளையாட்டுக்கு அது சரி. சம்பவ இடத்தில் கால் வைத்த ஒவ்வொரு இடமும் கணக்கு. தாவிப்போனவர் வாசலில் கிடந்த காலணித் தடத்தை மிதிக்கவே மாட்டார், மிதித்தால் என்ன ஆகும் என்றும் கற்கமாட்டார். தாவும் வசதி தவிர்க்க முடியாதது என்றால், இடைப்பட்ட தூரத்தை நடந்ததாகவே கணக்கெடுத்து, வழியிலிருந்த தடத்தைக் கலைத்துவிடுங்கள். செய்ததை இல்லாமல் ஆக்கும் 'அன்டூ' பொத்தான் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பொருளைத் தொட்டதும் பயிற்சி முடிந்துவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு, தேடுவதையும் கைப்பற்றுவதையும், பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது வரை ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதனால் கேமரா, அளவுகோல் வைத்த படம், வைக்காத படம், மாதிரி வரைபடம், சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஜர் எல்லாம் சிமுலேட்டருக்குள் இருக்கட்டும்.

உறையிடுவதும்தான். ரத்தத்தில் நனைந்த சட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். ஆனால் தவறு செய்தவுடனே சிவப்பு விளக்கு எரிய விடாதீர்கள். நிஜத்தில் எரியாது. பயிற்சி முடிந்து ஆய்வக அறிக்கையைத் திறக்கும்போது, 'மாதிரி கெட்டுவிட்டது, பரிசோதிக்க இயலவில்லை' என்று அவரே படிக்கட்டும்.