தசை கூடட்டும், தொப்பை கூடாது: யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் விடுகிற பிழைகள்

ஜிம்முக்குப் போகத் தொடங்குகிற பெடியள் கனபேர் முதலில் விசாரிப்பது எந்தப் புரத மா நல்லது என்றுதான். காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டால் புட்டும் சம்பலும். இரவு இடியப்பமும் சொதியும். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாசையூரிலும் குருநகரிலும் மீனுக்குக் குறைவில்லை, ஆனால் வீட்டில் அது மத்தியானச் சோற்றோடு நின்றுவிடுகிறது.

பாரம் தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்றப் பார்ப்பவர் 2 கிராம் வரை போகலாம். 70 கிலோ எடைக்காரருக்கு 1.6 என்ற கணக்கில் 112 கிராம். இனி வழமையான ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலைப் புட்டில் 10 கிராம் வந்தால் பெரிது. மத்தியானம் சோறு, ஒரு நல்ல மீன் துண்டு, பருப்பு எல்லாம் சேர்ந்து 40. பின்னேரம் பால் தேத்தண்ணியும் ஒரு வடையும் 6. இரவு இடியப்பத்தில் 8 அல்லது 10 கிராம். மொத்தம் 65 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். மத்தியானம் இன்னொரு துண்டு மீன் வைப்பதால் இந்தப் பள்ளம் நிரம்பாது. காலையும் இரவும் மாறவேண்டும்.

அதே வீட்டுச் சாப்பாட்டிலேயே அதைச் செய்யலாம். காலையில் புட்டை 150 கிராமாகக் குறைத்து, மூன்று அவித்த முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் வைத்தால் 29 கிராம். மத்தியானம் 300 கிராம் சோறு, சமைத்த மீன் 120 கிராம், பருப்புக்கறி: 41. பின்னேரம் வடைக்குப் பதிலாக 40 கிராம் பயறு அவித்தால் 10. இரவு நாலைந்து இடியப்பத்தோடு எலும்பில்லாத கோழி இறைச்சி, சமைத்த பிறகு 100 கிராம்: 33. கணக்கு 113க்கு வந்துவிட்டது. புரத மா இன்னும் வாங்கவேயில்லை.

மீனை வாங்கும் நிறையிலேயே கணக்கு எழுதுவது அடுத்த பிழை. காற்கிலோ சூடை வாங்கினால் தலை, குடல், முள் போக வாய்க்குள் போவது ஏறக்குறைய அரைவாசி. அதில் 25 கிராம் புரதம் கிடைக்கும், 50 கிராம் அல்ல. நண்டில் ஓடு போக இன்னும் குறைவு. அதேபோல 100 கிராம் அரிசியில் 360 கலோரி என்று பைக்கற்றில் இருப்பது பச்சையாக நிறுத்தால்தான். அது சோறாகும்போது தண்ணீர் குடித்து 300 கிராம் அளவுக்கு வந்துவிடும். சோற்றை நிறுத்துப்போட்டு அரிசியின் கலோரியை எழுதினால் கணக்கு மூன்று மடங்கு பிசகும். கோழி இதற்கு நேர்மாறு: சமைக்கும்போது தண்ணீர் வற்றி, நிறையில் கால்வாசி குறையும். பச்சையா, சமைத்ததா என்று ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று போதும், முதல் ஒரு மாதம் நிறுத்தால் பிறகு கண்ணே அளவு சொல்லும்.

தேங்காயும் எண்ணெயும்

தொப்பை பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான் வருகிறது, பழி மட்டும் சோற்றின் மேல் விழுகிறது. ஒரு நேரச் சாப்பாட்டில் தேங்காய் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, சம்பலில் தேங்காய்ப்பூ, சொதியில் பால், கறியில் முதற்பால். தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி உண்டு, புரதம் வெறும் 3 கிராம். தேங்காயை விடச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, விடவும் தேவையில்லை. ஒரு நேரத்துக்கு ஓரிடத்தில் வையுங்கள்: சம்பல் என்றால் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, சொதியைத் தண்ணிப்பாலில் வைக்கலாம்.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றுபவர்களுக்கும் அதே 120தான். மீனைப் பொரிப்பதை விடக் குழம்பு வைத்தால், அல்லது தட்டையான சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வாட்டினால், புரதம் அப்படியே இருக்க எண்ணெய் மட்டும் குறையும். பனங்கட்டியும் இதே கதைதான். சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறியவர் கலோரியில் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை.

பச்சை முட்டைக்கு இங்கே தனி மரியாதை உண்டு. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த கை, ஜிம் போகும் பிள்ளைக்கும் அதையே நீட்டுகிறது. அவித்த முட்டையின் புரதத்தில் 90 வீதம் அளவுக்குச் சமிக்கும், பச்சையில் அது பாதியளவுக்கு இறங்கிவிடும். சல்மொனெல்லா கிருமிப் பயமும் கூட. மஞ்சள் கருவை எறிவது இன்னொரு வீண் வேலை. ஒரு முட்டையின் 6 கிராமில் இரண்டரைக்கு மேல் மஞ்சளில்தான் இருக்கிறது.

“முதலில் ஏத்துவம், பிறகு இறக்குவம்”

இப்படிச் சொல்லி இரவில் கொத்தும் றோல்ஸும் அடிப்பவர்கள் ஏற்றுவது கொழுப்பைத்தான். தசை கட்டும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேலே கொட்டும் கலோரி வயிற்றில் போய்ச் சேரும். எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் அளவுச் சாப்பாட்டுக்கு மேலே 200 முதல் 300 கலோரி போதும். 70 கிலோ ஆளுக்குக் கிழமைக்கு 175 முதல் 350 கிராம் எடை கூடினால் சரியான பாதை. ஒரு கிலோ கூடினால் சந்தோசப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே தொப்பை இருக்கிறவர், அதுவும் பயிற்சிக்குப் புதியவர், கூட்டவே தேவையில்லை. புரதத்தைச் சரிப்படுத்தி, 200 அல்லது 300 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலும் தொடக்க மாதங்களில் தசை வரும்.

சோற்றை ஒரேயடியாக நிறுத்துகிறவர்களும் உண்டு. முதல் கிழமையில் இரண்டு கிலோ இறங்கும், ஆளும் துள்ளும். தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து) ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, போனது அந்தத் தண்ணீர்தான். பாரம் தூக்கும் வலுவும் சேர்ந்து போகும்.

நல்லூர்க் கொடியேறினால்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. ஜிம் போகிறவரின் புரதம் பாதியாகும் காலம் இது. இங்கே கைகொடுப்பது சோயா மீற்: உலர்ந்தபடி 50 கிராமில் 25 கிராம் புரதம். சுடுதண்ணீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பிரட்டல் கறியாக வையுங்கள். பிழியாமல் போட்டால் மணம் போகாது, உப்புப் புளியும் ஏறாது. கடலை, பயறு, உழுந்து எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் உண்டு. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறைகிற லைசீனைப் பருப்பு ஈடுசெய்யும், பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி. இரண்டும் அதே நேரத்தில்தான் சேரவேண்டும் என்றில்லை, அன்றைக்குள் சேர்ந்தால் சரி. கோயில் வீதிக் கச்சானில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருப்பது உண்மை, கூடவே 570 கலோரியும் இருக்கிறது. ஒரு கைப்பிடியோடு சரையை மூடுங்கள்.

புரத மாவுக்கு வேலை வருவதும் இந்தக் காலத்தில்தான். வே மா பாலில் இருந்து வருவது, விரதக்காரருக்கும் ஆகும். ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேல் புரதம் வரும். மாஸ் கெயினர் (எடை கூட்டும் மா) என்று பெரிய வாளியில் விற்பதன் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பகுதி மாச்சத்தும் சீனியும். கடையில் பிரித்து வெறும் பையில் கட்டித் தருவதை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். பாரம் தூக்குபவர்கள் வலுவுக்காக எடுக்கும் கிரியற்றின் மொனோஹைட்ரேற் என்ற தூள் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலன் உண்டு. தொடக்கத்தில் ஒரு கிலோ வரை தண்ணீர் எடை ஏறும், பயப்படத் தேவையில்லை. சிறுநீரக வருத்தமோ நீரிழிவோ உள்ளவர் இதையும் புரதத்தைக் கூட்டுவதையும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

கடைசியாக, நிறுக்கும் விதம். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் அடுத்த நாள் காலை ஒரு கிலோ கூடக் காட்டும், அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர். தினமும் எழும்பி, மலசலம் கழித்த பிறகு, சாப்பிடமுன் நிறுத்து எழுதுங்கள். ஏழு நாளின் சராசரியை முந்திய கிழமைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் கிழமைக்கு ஒருதரம் எடுங்கள். எடை கூட்டப் பார்ப்பவருக்கு அது மூன்று கிழமையாக அசையவில்லை என்றால் நாளுக்கு 30 கிராம் அரிசி கூட்டுங்கள், 100 கலோரி சொச்சம் வரும். இடுப்பு ஒரு மாதத்தில் 2 சென்ரிமீற்றர் கூடினால் முதலில் தேங்காய்ப்பூவையும் எண்ணெயையும் குறையுங்கள், பிறகு சோற்றை. மீனிலும் முட்டையிலும் கை வைக்கவேண்டாம்.