ஓவிய ஏலத்தில் நிதி திரட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நல்ல காரியத்துக்காக ஓவிய ஏலம் நடத்துபவர்கள் பலர் தொடக்கத்திலேயே சறுக்குகிறார்கள். ஓவியர் சும்மா தருகிறார், எவ்வளவுக்குப் போனாலும் லாபம்தானே என்ற நினைப்புதான் காரணம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஓவியருக்கு அது சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் 1969-இல் வந்த வரிச் சட்டத்துக்குப் பிறகு, தன் ஓவியத்தைத் தானே நன்கொடையாகத் தருபவர் கேன்வாஸ், வண்ணம் போன்ற பொருட்செலவை மட்டும்தான் வரியில் கழிக்க முடியும். பல மாத உழைப்புக்குக் கணக்கில் இடமே இல்லை. அதனால் விற்ற தொகையில் ஒரு பங்கை ஓவியருக்கே கொடுங்கள். எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஓவியத்துக்கு ஃபிரேம் போடும் செலவையும் அனுப்பும் செலவையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்த தவறு, குறைந்தபட்ச விலை வைக்காமல் ஏலத்தைத் தொடங்குவது. இதில்தான் பெரிய சேதம். கேலரியில் விற்கும் விலையில் கால்வாசிக்கு ஓர் ஓவியம் போய்விட்டால், அடுத்து வருபவர் கேலரியிலும் அதே விலைக்குத்தான் கேட்பார். ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கியவரும் கலங்குவார். உங்களுக்கு அது ஒரு மாலை நிகழ்ச்சி. ஓவியருக்கோ பல வருடம் துரத்தும் விலை. கேட்பு குறைந்தபட்ச விலை வரை ஏறவில்லையா? சரி, விற்காமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கையை நம்புவதும் தவறு. கொடுத்ததையெல்லாம் ஏலத்தில் வைத்தால் பாதியிலேயே கூட்டம் களைத்துவிடும். 2013-இல் ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ சுற்றுச்சூழலுக்காக கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் நடத்திய ஏலத்தில் இருந்தவை 33 படைப்புகள்தான். திரண்டதோ 3 கோடியே 88 லட்சம் டாலர்.

கட்டணத்தை மறைக்கவும் கூடாது. முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸி 2020-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் மருத்துவமனைக்குத் தந்த 'கேம் சேஞ்சர்' ஓவியத்தைப் பாருங்கள். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் கூடையில் கிடக்க, ஒரு சிறுவன் நர்ஸ் பொம்மையைத் தூக்கிப் பறக்கவிடுகிறான். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவளுடைய உடுப்பிலுள்ள சிலுவை மட்டும் சிவப்பு. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கடைசிக் கேட்பு 1 கோடியே 44 லட்சம் பவுண்டு. வாங்கியவர் தரவேண்டியதோ, ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து, 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். அந்தக் கட்டணத்திலும் கணிசமான பகுதியை நன்கொடையாகத் தருவதாக கிறிஸ்டீஸ் முன்பே அறிவித்திருந்தது. உங்கள் ஏலத்திலும் எந்தப் பணம் யாருக்கு என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஏலம் முடிந்த வாரமே ஓவியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்: எவ்வளவுக்குப் போனது, வாங்கியவர் சம்மதித்தால் அவர் யார், அந்தப் பணத்தில் என்ன நடக்கிறது.