செய்தி வாசிப்பாளராக நடிக்க: நெல்லை நடிகர்களுக்கு

தூர்தர்ஷன் காலத்துச் செய்தி வாசிப்பாளராக நடிக்க, நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் வேலை ழகரம். பேச்சில் 'மழை' இங்கே 'மளை' ஆகிவிடும். நாக்கு நுனியைப் பின்னுக்கு வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் சொல்லுங்கள், தொட்டால் ளகரம்தான். பாத்திரம் நெல்லைக்காரர் என்றால் வீட்டுக் காட்சியில் 'மளை'யே இருக்கட்டும்.

பழைய ஒளிப்பதிவில் ஒரு நிமிடம் போதும். முதலில் சத்தமில்லாமல் பாருங்கள்: கண் எப்போது தாளுக்கு இறங்குகிறது, எந்தச் சொல்லில் நிமிர்கிறது? பிறகு படத்தை மறைத்துக் கேட்டு, மூச்சு வாங்கும் இடங்களில் வசனத்தாளில் கோடு போடுங்கள். காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மிமிக்ரி. குரலைப் பெருக்கிக் காட்டினால் மனுஷர் கேலிச்சித்திரமாகிவிடுவார். குரல் பாதி ஒத்துப்போனாலும் போதும், மூச்சு முழுசாக ஒத்துப்போக வேண்டும்.

1982-க்கு முந்தைய ஒளிபரப்பு கறுப்பு வெள்ளை. புடவைக்கு நிறத்தைவிட, அதன் உடல்பகுதிக்கும் கரைக்கும் உள்ள வெளுப்பு வித்தியாசத்தைப் பார்த்து எடுங்கள்.