வாகைக்குளத்தில் விமானம் ஏறப் போகிறீர்களா?

டிக்கெட் தேடும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. தெரிந்த ஊர்ப் பெயரை மட்டும் நம்பி மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நெல்லையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நெல்லைக்காரர்களான நமக்கும் திருச்செந்தூருக்கும் பக்கம் வாகைக்குளம் விமான நிலையம்தான். அதைத் 'தூத்துக்குடி' என்றே தேட வேண்டும், குறியீடு டிசிஆர். (ரயிலில் டிசிஆர் என்றால் திருச்சூர்!)

காசைக் கரைக்கிற தவறு வளைகுடாவுக்குப் போகிறவர்கள் செய்வது. இங்கிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து துபாய்க்கு வேறு நிறுவனத்தில் இன்னொன்று என்று மலிவாகப் பார்த்துப் போடுகிறார்கள். துபாய் டிக்கெட்டில் 30 கிலோ கொடுத்திருப்பான். உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான். மிச்ச எடைக்கு வாகைக்குளம் கவுண்டரிலேயே பணம் கட்ட வேண்டும். அதைவிட மோசம், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கொஞ்சம் கூடினாலும் இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுங்கள். முடியாதா, முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இது கட்டாயம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் விமானம் மட்டுமா நின்றது, சாலையும் ரயிலும் சேர்ந்தல்லவா நின்றன.

'இந்தா இருக்கிற ஏர்போர்ட்தானே' என்று கடைசி நேரத்தில் கிளம்புவதும் உண்டு. நான்கு வழிச்சாலைதான், ஆனால் வல்லநாடு ஆற்றுப் பாலத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்தால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். செக்-இன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். சின்ன ஊர் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். மணிக்கொரு விமானம் புறப்படுகிற இடமும் இல்லை இது.

2025 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று, 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையும் 3,115 மீட்டர் ஆகிவிட்டது. அதற்காக எல்லாமே பெரிய விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட்டில் ஏடிஆர் (இறக்கை விசிறி சுழலும் சின்ன விமானம்) என்றிருந்தால் தலைக்கு மேலுள்ள பெட்டியில் பெரிய டிராலி நுழையாது. வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க், மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அதற்கு முன்பே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தின்பண்டம். மக்ரூனைப் பெரிய பெட்டியில் போட்டால் பொடியாகத்தான் இறங்கும், கையில் வையுங்கள். ஊறுகாயும் நெய்யும் நேர் எதிர், பெட்டிக்குள்தான் போக வேண்டும். கொப்பரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் என்று எடுத்துவைத்துவிடுவார்கள். காலை விமானத்துக்கு இருட்டுக்கடை அல்வா வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே வரிசையில் நில்லுங்கள், காலையில் கடை திறப்பதில்லை.