கழிவை வளமாக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஓரிடத்தில் மிஞ்சுவது இன்னோரிடத்துக்கு மூலப்பொருளாக வேண்டும். சுழற்சி உற்பத்தி என்பது அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் இதில் இறங்குகிற பலர் முதல் நாளிலேயே ஒரு தவறு செய்கிறார்கள்: எல்லாக் கழிவையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் பிவிசி கலந்தாலே போதும். உருக்குகிற சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும். அது பெட்டின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடும். கிடைக்கிற பொருள் மஞ்சளித்து, வலுவிழந்து நிற்கும். பழைய இரும்பிலும் இதே கதைதான். மோட்டாரையும் வயரையும் கழற்றாமல் உலையில் போட்டால் செம்பு எஃகோடு கலந்துவிடும். கலந்தபின் அதைப் பிரித்தெடுக்க வழக்கமான எஃகு உலைகளில் வழியில்லை. அந்த எஃகைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பு விரிசல் விடும். எனவே கழிவு எந்த இயந்திரத்திலிருந்து விழுகிறதோ, அங்கேயே தனித்தனித் தொட்டி வையுங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

அடுத்த தவறு, பிரித்த கழிவை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்காமலே கருவிகளை வாங்கிப் போடுவது. டென்மார்க்கின் காலுண்ட்போர்க் நகரத்தைப் பாருங்கள். அங்கே அனல்மின் நிலையத்தின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம், சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்குப் போனது. மிஞ்சிய நீராவி மருந்து ஆலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் போனது. இதை யாரும் ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டவில்லை. 1972 முதல் ஒவ்வொரு இணைப்பும் இரண்டு நிறுவனங்கள் உட்கார்ந்து பேசி, இருவருக்கும் கட்டுப்படியான பிறகே வந்தது. வாங்குகிறவருக்குத் தினமும் ஒரே தரம், ஒரே அளவு வேண்டும். அதைத் தர முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாப் பொருளும் முடிவில்லாமல் சுழலும் என்று நம்புவதும் தவறு. அலுமினியத்தைத் திரும்ப உருக்கினால், தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம். காகிதம் அப்படியில்லை, ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகி, ஐந்து முதல் ஏழு முறைக்குள் தேய்ந்துவிடும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கும் பிஎல்ஏ, ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடு நிலைக்கும் உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். தோட்டத்து மூலையில் புதைத்தால் அப்படியே கிடக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. பழைய மின்னணுச் சாதனங்களின் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் வேதிப்பொருள்கள், மறுசுழற்சி வழியாகக் குழந்தைகளின் பொம்மைகள் வரை வந்து சேர்ந்தது சோதனைகளில் தெரியவந்தது. கழிவு சுழன்றது, கூடவே நஞ்சும் சுழன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பிளாஸ்டிக்கைச் சோதிக்காமல் சுழற்சிக்குள் விடவே கூடாது. புரோமின் இருப்பது தெரிந்தால், அதைத் தனியே எடுத்துப் பாதுகாப்பாக அழிக்கத்தான் வேண்டும். மறுசுழற்சிக் கணக்கில் எடை குறைந்தாலும் பரவாயில்லை.